பெட்ரோல் பிக்கப்புக்கு டீசல் இன்ஜின்: அளவெடுப்பதிலிருந்து பதிவுப் புத்தகம் வரை

பிக்கப்பின் பெட்ரோல் இன்ஜின் ஓய்ந்துபோனால் "டீசலைத் தூக்கி வெச்சிடலாம்" என்று பட்டறையில் யாராவது ஒருவர் சொல்லத்தான் செய்வார். தூக்கி வைப்பது பெரிய வேலை இல்லை. செயின் பிளாக்கும் கைக்கு உதவியாக இரண்டு பேரும் இருந்தால் ஒரே நாளில் பழையது வெளியே வந்து, புதியது உள்ளே உட்கார்ந்துவிடும். ஆனால் வேலை பாதியில் நின்று, பானட் இல்லாமல் மூலையில் தூசு படிந்து கிடக்கும் வண்டிகளை விசாரித்துப் பாருங்கள். பிரேக்குக்கு வேக்கம் (வெற்றிட உறிஞ்சல்) கிடைக்கவில்லை, கிளட்ச் பிளேட்டின் பல் பொருந்தவில்லை, டாப் கியரில் 70-ஐத் தாண்டினால் இன்ஜின் கதறுகிறது. நின்றுபோனதற்குக் காரணம் பெரும்பாலும் இப்படிப்பட்டதாகவே இருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் இன்ஜினைவிட, இன்ஜின் வண்டியோடு சேரும் இடங்களைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

ஒரு சந்தேகத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். இருக்கிற பெட்ரோல் இன்ஜினையே டீசலில் ஓட வைக்க முடியாது. சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பதுதான் அமுக்க விகிதம். பெட்ரோல் இன்ஜினில் அது 9 முதல் 11 வரை. டீசலுக்கு 16 முதல் 22 வரை வேண்டும், அந்த அழுத்தத்தைப் பிளாக், ஹெட் போல்ட், கிராங்க் எல்லாமே தாங்க வேண்டும். 1978-இல் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் தன் பெட்ரோல் வி8-இன் வடிவமைப்பைத் தழுவி 5.7 லிட்டர் டீசல் ஒன்றைக் கொண்டுவந்தது. பிளாக்கை வலுப்படுத்தினார்கள், ஹெட் போல்ட்டுகளின் அமைப்பைப் பெட்ரோல் இன்ஜினில் இருந்தபடியே விட்டுவிட்டார்கள். போல்ட்டுகள் இழுபட்டு ஹெட் கேஸ்கெட் போவது அந்த இன்ஜினின் தீராத நோயானது. 1985-இல் விற்பனையையே நிறுத்திவிட்டார்கள். பெரிய கார் கம்பெனிக்கே இந்த நிலை. ஆக, டீசலுக்கு மாற்றுவது என்றால் டீசலாகவே பிறந்த இன்ஜினை வைப்பது மட்டும்தான்.

தொடங்கும் முன்: லாபமா, அனுமதி கிடைக்குமா?

ஒரே அளவு வேலைக்கு டீசல் வண்டி ஏறக்குறைய 20 முதல் 35 சதவீதம் வரை கூடுதல் மைலேஜ் தரும். இதில் ஒரு பங்கு எரிபொருளிலேயே இருக்கிறது: ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடச் சுமார் 10 சதவீதத்துக்கு மேல் ஆற்றல் அதிகம். மீதி, அதிக அமுக்க விகிதத்தாலும், காற்றை மறிக்கும் திராட்டில் இல்லாததாலும் வருவது. ஆனால் மிச்சமாகும் எரிபொருள் மாற்றும் செலவை ஈடுகட்ட எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு முறை கடைக்குப் போய் வரும் வண்டி என்றால் கணக்கு ஒருநாளும் நேராகாது. தினமும் பாரம் ஏற்றுகிற, டிரெய்லர் இழுக்கிற, மேடு ஏறுகிற வண்டிக்குத்தான் இது பொருந்தும். எரிபொருள் செலவைக் குறைப்பது மட்டுமே நோக்கம் என்றால், அதே மாடலில் கம்பெனியிலேயே டீசலாக வந்த வண்டியைத் தேடி வாங்குவதே புத்திசாலித்தனம்.

அனுமதி விஷயத்தை வேலை முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பதிவுப் புத்தகத்தில் இன்ஜின் எண்ணும் எரிபொருள் வகையும் மாறுகின்றன. பல நாடுகளில் முன் அனுமதி, மாற்றியபின் ஆய்வு, புகைச் சோதனை மூன்றும் வேண்டும். வைக்கிற இன்ஜின் வண்டியின் ஆண்டைவிடப் பழையதாக இருக்கக்கூடாது என்ற விதி உள்ள இடங்களும் உண்டு. அந்த ஒரு விதியே நீங்கள் வாங்க நினைத்திருக்கும் இன்ஜினைத் தள்ளிவிடலாம். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

எந்த இன்ஜின்?

முதல் முடிவு: மெக்கானிக்கல் பம்பா (டீசலை பம்பே அளந்து நாசில்களுக்கு அனுப்பும்), காமன் ரெயிலா (உயர் அழுத்தப் பொதுக் குழாயிலிருந்து கணினி அளந்து விடும்)? மெக்கானிக்கல் பம்பு இன்ஜினுக்கு ஓடுவதற்குத் தேவையான மின்சாரம் என்பது பம்பின் சோலனாய்டுக்குப் போகும் ஒரே ஒரு வயர்தான். காமன் ரெயிலுக்கு இசியு எனும் கட்டுப்பாட்டுக் கணினி, அதன் முழு வயரிங், ஆக்சிலரேட்டர் பெடல் சென்சார், சாவியோடு பேசும் இம்மொபிலைசர் எல்லாமே ஒன்றாக வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஸ்டார்ட் ஆகாது, அப்படியே ஸ்டார்ட் ஆனாலும் பாதி சக்தியில்தான் ஓடும். காமன் ரெயில் சத்தம் குறைந்தது, புகை குறைந்தது, சட்டம் அதைத்தான் கேட்கிறது என்றால் வேறு வழியும் இல்லை. தேர்ந்தெடுக்கும் உரிமை உங்கள் கையில் இருந்தால், முதன்முறை செய்பவருக்கு மெக்கானிக்கல் பம்புதான் என் சிபாரிசு.

அடுத்தது எடை. கம்மின்ஸ் 4பிடி இந்த வேலைக்குப் பேர்போனது: 3.9 லிட்டர், நான்கு சிலிண்டர், 102 மி.மீ. போர், 120 மி.மீ. ஸ்ட்ரோக். இழுவையில் குறை சொல்ல முடியாது. ஆனால் எடை ஏறத்தாழ 340 கிலோ. சிறிய பிக்கப்பில் வைத்தால் முன் ஸ்பிரிங் உட்கார்ந்துவிடும், ஐடிலில் கண்ணாடியில் முகம் தெரியாத அளவுக்கு அதிர்வு. முக்கால் டன், ஒரு டன் வண்டிகளுக்குத்தான் அது. நடுத்தர பிக்கப்புக்கு இசுசு 4ஜேபி1 போன்ற 2.8 லிட்டர் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின் அளவாக இருக்கும். மெர்சிடிஸ் ஓஎம்617 ஐந்து சிலிண்டர், நீண்ட ஆயுள், மிருதுவான ஓட்டம். அதற்கு ஒரு விசித்திரம் உண்டு: சாவியைத் திருப்பினால் அது வேக்கத்தால்தான் நிற்கும். எங்காவது டியூப் விட்டிருந்தால் சாவியைக் கையில் எடுத்த பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். தெரியாதவர்கள் பயந்துபோவார்கள்.

எல்லாவற்றையும்விட நல்ல தேர்வு ஒன்று இருக்கிறது. உங்கள் பிக்கப்பின் அதே தலைமுறையில் கம்பெனி டீசலையும் விற்றிருந்தால், அந்த இன்ஜினே. மவுண்ட், பெல் ஹவுசிங், ரேடியேட்டர், சைலன்சர் குழாய் எல்லாமே போல்ட்டைப் போட்டு முறுக்கும் வேலையாகிவிடும். இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

இன்ஜினை மட்டும் வாங்காதீர்கள்

முடிந்தால் ஓடுகிற நிலையில் உள்ள முழு வண்டியாக வாங்குங்கள். பிரித்து வைத்த இன்ஜின் மலிவாகத் தெரியும். பிறகு ஆல்டர்நேட்டர் பிராக்கெட்டுக்கு ஒரு நாள், குளோ பிளக் (ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டரைச் சூடேற்றும் பிளக்) ரிலேக்கு ஒரு நாள், டர்போ ஆயில் குழாய்க்கு ஒரு வாரம் என்று அலைவீர்கள். முழு வண்டி இருந்தால் இவை கூடவே வரும், கியர்பாக்ஸும் வரும், எந்த வயர் எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ள மாதிரியும் கையில் இருக்கும். மீதியை விற்றுச் செலவில் ஒரு பகுதியையும் எடுத்துவிடலாம்.

வாங்கும் முன் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போகும்போதே சூடாக வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். தேய்ந்த டீசலும் சூட்டில் ஒரே திருப்பில் எடுக்கும். ஆயில் மூடியைத் திறந்து வாய்மேல் தலைகீழாக வையுங்கள். மூடி லேசாக ஆடினால் பரவாயில்லை. புகையோடு துள்ளி விழுந்தால் ரிங் போயிருக்கிறது. பிறகு எல்லா சிலிண்டரின் கம்ப்ரஷனையும் டீசல் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பெட்ரோலுக்கான கேஜின் முள் முழுவதும் சுற்றிப் போய் முட்டிக்கொள்ளும். சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. லாரியிலிருந்து வரும் இன்ஜின் என்றால் செல்ஃப் மோட்டார், ஆல்டர்நேட்டர், பம்பு சோலனாய்டு மூன்றும் 24 வோல்ட்டாக இருக்கலாம். தகட்டைப் படியுங்கள்.

இன்ஜின் வெளியே இருக்கும்போதே முன், பின் ஆயில் சீல், வாட்டர் பம்பு, தெர்மோஸ்டாட், எல்லா ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள். டைமிங் பெல்ட் இருந்தால் அதையும். கம்மின்ஸ் 4பிடி, 12 வால்வு 6பிடி வாங்கியவர்கள் முன் கவரைத் திறந்து ஒரு பின்னைப் பார்த்தே ஆக வேண்டும். டைமிங் கேஸைப் பிளாக்கோடு நேர்படுத்த ஒரு சிறு இரும்பு டவல் பின் அடித்திருப்பார்கள். வருடக்கணக்கான அதிர்வில் அது மெல்ல மெல்ல வெளியே நகர்ந்து, ஒரு நாள் பல்சக்கரங்களுக்கு நடுவே விழும். கேஸ் உடைந்து இன்ஜினே போகும். மருந்து எளியது: பக்கத்துப் போல்ட்டுக்கு அடியில் ஒரு சிறு தகட்டுத் துண்டைக் கொடுத்து, பின் இருக்கும் துளையை மறைத்துவிட வேண்டும். அரை நாள் வேலை.

கியர் கணக்கு

பலரும் தவறவிடுவது இதைத்தான். பெட்ரோல் இன்ஜின் 5,500 ஆர்பிஎம் வரை சுற்றும், 2.8 லிட்டர் டீசல் 3,600 அளவில் நின்றுவிடும், 4பிடி போன்றது 2,500 முதல் 2,800-க்குள் முடிந்துவிடும். பின் ஆக்சிலின் கிரவுன் பினியன் (ஷாஃப்டின் சுழற்சியைக் குறைத்துச் சக்கரத்துக்குக் கொடுக்கும் பல்சக்கர ஜோடி; குறைக்கும் அளவே ஆக்சில் ரேஷியோ) பெட்ரோலுக்காகப் பார்த்து வைத்தது.

உதாரணமாக ஒரு கணக்கு. டயரின் விட்டம் 75 செ.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு 2.36 மீட்டர் போகும். 100 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 1,667 மீட்டர், அதாவது சக்கரம் சுமார் 707 சுற்று. ஆக்சில் ரேஷியோ 4.10 என்றால், டைரக்ட் டாப் கியரில் இன்ஜின் 2,900 ஆர்பிஎம். இசுசு தாங்கும், 4பிடி தாங்காது. 0.75 ஓவர்டிரைவ் உள்ள ஐந்து கியர் பெட்டி இருந்தால் அதே வேகத்தில் 2,175. ஆக்சிலையும் 3.54-க்கு மாற்றினால் 1,880-க்கு வந்துவிடும். உங்கள் டயர், உங்கள் ரேஷியோ போட்டு இதையே செய்யுங்கள். நீங்கள் வழக்கமாக ஓட்டும் வேகம், இன்ஜினின் அதிகபட்ச டார்க் (திருப்புவிசை) கிடைக்கும் ஆர்பிஎம்முக்குக் கொஞ்சம் மேலே விழ வேண்டும். ரொம்பக் கீழே இறக்கிவிட்டால் ஒவ்வொரு ஏற்றத்திலும் கியர் குறைக்க வேண்டிவரும். நான்கு சக்கர டிரைவ் என்றால் முன் ஆக்சிலின் ரேஷியோவையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டு ஆக்சிலுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கடித்துக்கொள்ளும்.

கியர்பாக்ஸ் எதை வைப்பது? டீசலோடு வந்த கியர்பாக்ஸை வைத்தால் கிளட்ச், பெல் ஹவுசிங் தலைவலி இல்லை. ஆனால் கியர் லீவர் வேறு இடத்தில் வரும், புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளம் மாறும், ஸ்பீடோமீட்டர் பொருந்தாது. பெட்ரோல் கியர்பாக்ஸையே வைத்துக்கொள்வதானால் அது தாங்கும் டார்க் எவ்வளவு என்று பாருங்கள். 200 நியூட்டன் மீட்டருக்குச் செய்த பெட்டியில் 350-ஐக் கொடுத்தால் மூன்றாவது கியர் பற்கள் எத்தனை நாள் இருக்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. ஆட்டோமேட்டிக் என்றால் டார்க் கன்வர்ட்டரையும் கியர் மாறும் புள்ளிகளையும் டீசலுக்குத் தக்கபடி மாற்ற வேண்டும். எலக்ட்ரானிக் ஆட்டோமேட்டிக்குக்குத் தனிக் கன்ட்ரோலரே வேண்டியிருக்கும். அதை அனுபவசாலிகளுக்கு விட்டுவிடுங்கள்.

கழற்றும் முன் அளவெடுங்கள்

பெட்ரோல் இன்ஜின் உள்ளே இருக்கும்போதே எடுக்க வேண்டிய அளவுகள்: சேஸிஸிலிருந்து கிராங்க் புல்லியின் மையம் எவ்வளவு உயரம், இடது வலதாக நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி, இன்ஜின் பின்பக்கமாக எத்தனை டிகிரி சரிந்திருக்கிறது, ஃபயர்வாலிலிருந்து (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவர்) பெல் ஹவுசிங் முகம் எவ்வளவு தூரம். வண்டி நான்கு சக்கரத்திலும் சமதரையில் நிற்க வேண்டும். எல்லாக் கோணத்திலிருந்தும் போட்டோ எடுங்கள். கழற்றுகிற ஒவ்வொரு வயருக்கும் டேப் ஒட்டி எழுதுங்கள். நினைவில் இருக்கும் என்று தோன்றும், இருக்காது.

ஏசி கேஸை முறையாக இறக்கிவிட்டு, பேட்டரியைக் கழற்றி, பெட்ரோல் லைனின் பிரஷரை விட்டபிறகு இன்ஜினை எடுங்கள்.

அடாப்டர் பிளேட்டும் கிளட்ச்சும்

இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் போல்ட் அமைப்பு வேறாக இருந்தால் நடுவில் அடாப்டர் பிளேட் வரும். பிரபலமான ஜோடிகளுக்கு ரெடிமேடாகவே கிடைக்கிறது. லேத்தில் செய்துகொள்வதானால் மூன்று விஷயங்களை விட்டுக்கொடுக்காதீர்கள்.

முதலாவது, மையம். கிராங்கின் மையமும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்டின் மையமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். போல்ட் இதைப் பார்த்துக்கொள்ளாது, டவல் பின்தான் பார்த்துக்கொள்ளும். பிளேட்டையும் பெல் ஹவுசிங்கையும் மாட்டி, ஃபிளைவீலில் காந்த அடி உள்ள டயல் கேஜை வைத்து, முள்ளை பெல் ஹவுசிங்கின் நடுத் துளையின் உள்விளிம்பில் தொட விடுங்கள். கிராங்கைக் கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்று திருப்புங்கள். முள் மொத்தமாக எவ்வளவு நகர்கிறதோ அதில் பாதிதான் மையம் விலகிய அளவு. மொத்த நகர்வு 0.25 மி.மீ.க்குள் இருந்தால் மாட்டலாம். அதற்கு மேல் போனால் டவலை மாற்றிச் சரிசெய்யுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் கியர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளும், இன்புட் ஷாஃப்டின் மூக்கைக் கிராங்கில் தாங்கும் பைலட் பேரிங் கத்தும், இன்புட் பேரிங் சீக்கிரம் போகும். காரணம் என்னவென்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

இரண்டாவது, தடிமன். பிளேட்டின் தடிமன் அளவுக்குக் கியர்பாக்ஸ் பின்னால் போகிறது. அந்த அளவுக்கு இன்புட் ஷாஃப்டின் மூக்கு பைலட் பேரிங்கை எட்டாமல் போகலாம். எட்டாவிட்டால் கிராங்குக்கும் ஷாஃப்டுக்கும் சேர்த்துத் தனி புஷ் கடைந்துகொள்ள வேண்டும்: வெளிவிட்டம் கிராங்குக்கு, உள்விட்டம் ஷாஃப்டுக்கு.

மூன்றாவது கிளட்ச். நடுவில் உள்ள பல் கியர்பாக்ஸுக்குப் பொருந்த வேண்டும், வெளிவிட்டமும் பிரஷர் பிளேட்டும் டீசலின் ஃபிளைவீலுக்குப் பொருந்த வேண்டும். இரண்டும் சேர்ந்த டிஸ்க் கடையில் இல்லை என்றால், டீசல் டிஸ்கில் கியர்பாக்ஸுக்கான ஹப்பை மாற்றி ரிவெட் அடித்துத் தரும் கிளட்ச் பட்டறைகள் உண்டு. டிஸ்கின் நடுவில் ஸ்பிரிங் இருக்கட்டும். டீசலின் ஒவ்வொரு அடியும் நேராகக் கியர்பாக்ஸில் விழாமல் அதுதான் தடுக்கிறது. ரிலீஸ் பேரிங் தொடும் தூரத்தையும் கியர்பாக்ஸ் ஏற்றும் முன்பே அளந்துவிடுங்கள்.

மவுண்ட், சம்ப், ஷாஃப்ட்

கியர்பாக்ஸோடு சேர்த்து இன்ஜினைத் தொங்கவிட்டு, முன்பு எடுத்த அளவுகளுக்குக் கொண்டுவாருங்கள். சம்ப் (இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) சேஸிஸின் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரில் முட்டுகிறதா என்பதுதான் முதல் கேள்வி. பல டீசல்களுக்கு முன்பள்ளம், பின்பள்ளம் என்று இரண்டு வகை சம்ப் இருக்கும். சம்பையும் அதற்கேற்ற ஆயில் பிக்கப் குழாயையும் மாற்றுவது, கிராஸ் மெம்பரை வெட்டுவதைவிட எவ்வளவோ மேல். வெட்டியே ஆக வேண்டும் என்றால் அதே வலுவுக்குப் பெட்டிபோல் அடைத்து வெல்டிங் வையுங்கள். நான்கு சக்கர டிரைவ் வண்டியில் முன் ஆக்சில் மேலே எழும்பும் அளவையும் கணக்கில் எடுக்க வேண்டும். நின்றிருக்கும்போது இடைவெளி இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள்.

இன்ஜினைச் சுற்றிலும் 25 மி.மீ. இடமாவது விடுங்கள். நான்கு சிலிண்டர் டீசல் நிற்கும்போது ஒரு குலுக்குக் குலுக்கும். அப்போதுதான் ஃபேன் ரேடியேட்டரைத் தொடும், டவுன்பைப் (இன்ஜினிலிருந்து கீழே இறங்கும் புகைக்குழாய்) ஸ்டீயரிங் ஷாஃப்டில் இடிக்கும். மவுண்ட் ரப்பர் டீசலுக்கு உரியதாகவே இருக்கட்டும். பிராக்கெட்டுகளைப் பொட்டு வெல்டிங்கில் நிறுத்தி, எல்லாம் சரி என்றபின் இன்ஜினை வெளியே எடுத்து முழு வெல்டிங் வையுங்கள். இரண்டு முறை தூக்க வேண்டுமே என்று அலுத்துக்கொண்டு உள்ளேயே வைத்து வெல்டிங் அடித்த மூட்டுகள்தான் பின்னால் விரிசல் விடும்.

புரொப்பெல்லர் ஷாஃப்டின் இரு முனை ஜாயின்டுகளிலும் கோணம் சமமாக இருக்க வேண்டும், வித்தியாசம் 1 டிகிரிக்குள். ஒவ்வொன்றும் 1 முதல் 3 டிகிரி என்றால் நல்லது. நீளத்தை வெட்டினால் மறுபடி பேலன்ஸ் செய்யாமல் மாட்டாதீர்கள்.

முன்பக்கம் கூடிய எடைக்கு ஸ்பிரிங்கை அல்லது டார்ஷன் பாரை (முறுக்கத்தால் ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி) மாற்றுங்கள், கூடவே ஷாக்கையும். டார்ஷன் பாரைச் சும்மா முறுக்கி உயர்த்திவிட்டால் உயரம் வரும், வலு வராது. முன் ஆக்சிலின் அனுமதிக்கப்பட்ட எடையைத் தாண்டியிருக்கிறதா என்று எடைமேடையில் நிறுத்திப் பாருங்கள்.

டேங்க், லைன்

பெட்ரோல் டேங்கை இறக்கி, காலி செய்து, டீசலால் அலசிக் காற்றில் விடுங்கள். காலியான டேங்க்தான் ஆபத்து, ஆவி நிறைந்திருக்கும்; அதன் பக்கத்தில் வெல்டிங், கிரைண்டிங் எதுவும் வேண்டாம். உள்ளே இருக்கும் பெட்ரோல் பம்பைக் கழற்றி அந்த இடத்தில் நேர் உறிஞ்சு குழாய் போடுங்கள். இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் பம்பு 3 முதல் 4 பார் தள்ளும். ரோட்டரி டீசல் பம்பின் வாயில் அந்த அழுத்தம் கூடாது. தானே உறிஞ்சும், இல்லாவிட்டால் குறைந்த அழுத்த லிஃப்ட் பம்பு போதும்.

ரிட்டர்ன் லைன் கட்டாயம். பம்பிலிருந்தும் நாசில்களிலிருந்தும் சூடான டீசல் தொடர்ந்து திரும்பி வரும். அதை டேங்குக்கே விடுங்கள், உறிஞ்சு குழாயிலிருந்து தள்ளி. இல்லையென்றால் திரும்பி வரும் நுரையையே பம்பு மறுபடி இழுக்கும். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரைக் கையால் பம்பு அடிக்கும் வசதியோடு, எட்டும் இடத்தில் வையுங்கள். ஈயம் இல்லாத பெட்ரோலுக்காக நிரப்பும் வாயில் வைத்திருக்கும் குறுகலான வளையத்தில் டீசல் நாசில் பல இடங்களில் நுழையாது. அதை எடுத்துவிட்டு, மூடியிலும் பக்கத்திலும் "டீசல்" என்று பெரிதாக எழுதுங்கள். வண்டியை வேறு யாராவது பெட்ரோல் பங்க்குக்கு எடுத்துப் போகும் நாள் வரும்.

வேக்கம்

பெட்ரோல் இன்ஜின் திராட்டிலை மூடும்போதெல்லாம் மானிஃபோல்டில் வேக்கம் பிறக்கிறது; பிரேக் பூஸ்டர் அதைத்தான் இத்தனை நாளும் இலவசமாக வாங்கிக்கொண்டிருந்தது. சாதாரண டீசலில் அது கிடையாது. பெடல் கல்லாகிவிடும். வண்டியோ முன்பைவிட நூறு, இருநூறு கிலோ கூடியிருக்கிறது.

பல டீசல்களில் ஆல்டர்நேட்டரின் பின்னாலேயே வேக்கம் பம்பு இருக்கும். அதற்கு ஆயில் போகவும் வரவும் தனிக் குழாய்கள் உண்டு. திரும்பும் குழாய் மடங்காமல், சரிவாகவே சம்புக்குப் போக வேண்டும். தேங்கினால் ஆயில் பூஸ்டருக்குள் போய் டயஃப்ரத்தைக் கெடுக்கும். பூஸ்டர் ஹோஸில் ஒருவழி வால்வு இருப்பதை உறுதிசெய்யுங்கள். கேஜ் வைத்துப் பார்த்தால் 600 மி.மீ. பாதரசத்துக்கு மேல் காட்ட வேண்டும். பம்பு இல்லாத இன்ஜினுக்கு எலக்ட்ரிக் வேக்கம் பம்பு, அல்லது பவர் ஸ்டீயரிங் பம்பின் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ரோ பூஸ்டர். கனமான வண்டிக்கு இரண்டாவதே நல்லது. ஏசி காற்றுக் கதவுகள், நான்கு சக்கர டிரைவின் முன் இணைப்பு ஆகியவையும் சில வண்டிகளில் வேக்கத்தில்தான் இயங்கும், மறக்க வேண்டாம்.

வயரிங்

மெக்கானிக்கல் பம்பு இன்ஜினுக்கு: சாவி போட்டதும் 12 வோல்ட் பம்பு சோலனாய்டுக்கு, ஆல்டர்நேட்டருக்கு ஒரு எக்ஸைட்டர் வயர், செல்ஃபுக்கு ஒன்று, குளோ பிளக்குக்கு ரிலே. குளோ பிளக் ஒவ்வொன்றும் தொடக்கத்தில் 10 முதல் 20 ஆம்பியர் இழுக்கும். நான்கையும் சேர்த்துச் சாவி வழியாக ஒருபோதும் கொடுக்காதீர்கள். பேட்டரியிலிருந்து தடித்த வயர், ஃபியூஸ், ரிலே என்று போங்கள். பேட்டரி பெரியதாக வேண்டும்.

எர்த். இன்ஜினிலிருந்து சேஸிஸுக்கும் பாடிக்கும் தடித்த எர்த் பட்டை போட மறந்தால், செல்ஃப் அடிக்கும்போது மொத்தக் கரண்டும் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் பாதை தேடும். கேபிள் சிவந்து புகையும்.

டாக்கோமீட்டருக்கு இக்னிஷன் காயில் சிக்னல் இனி இல்லை. ஆல்டர்நேட்டரின் டபிள்யூ முனையிலிருந்து எடுக்கலாம், அதைப் படிக்கும் மீட்டர் வேண்டும். ஆயில் பிரஷர், டெம்பரேச்சர் இரண்டுக்கும் பெட்ரோல் இன்ஜினின் சென்சாரையே டீசலில் திருகுங்கள், திரெட் வேறாக இருந்தால் அடாப்டர் போட்டு. அப்போதுதான் டேஷ்போர்டு முள் பொய் சொல்லாது. ஏபிஎஸ் தனி யூனிட்டாக இருந்தால் அதைத் தொடாமல் விடுங்கள்.

ரேடியேட்டர், காற்று, புகைக்குழாய்

டீசலோடு வந்த ரேடியேட்டரே மாட்ட முடிந்தால் நல்லது. எக்ஸ்பான்ஷன் டேங்க் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கட்டும். டர்போ இன்ஜின் என்றால் டர்போவின் ஆயில் வடிகுழாய் நேராகக் கீழே இறங்க வேண்டும். கிடையாகப் போனால் சீல் வழியே ஆயில் கசிந்து புகைக்கும். பெட்ரோல் கேட்டலிஸ்டை எடுத்துவிட்டுச் சட்டம் கேட்கும் டீசல் கருவிகளைப் போடுங்கள். டவுன்பைப் பிரேக் லைனுக்கு அருகே போனால் வெப்பத் தடுப்புத் தகடு.

ஒரு எக்ஸாஸ்ட் டெம்பரேச்சர் மீட்டரை டர்போவுக்கு முன்னால் பொருத்துங்கள். நீண்ட ஏற்றத்தில் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டவிடாமல் காலைத் தூக்க அதுதான் சொல்லும். பம்பில் உள்ள ஸ்க்ரூவைத் திருகி டீசல் அளவைக் கூட்டுகிற ஆசை எல்லோருக்கும் வரும். மீட்டர் இல்லாமல் அந்த ஸ்க்ரூவைத் தொட வேண்டாம்.

முதல் ஸ்டார்ட்

சோலனாய்டு வயரைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் ஏறும்வரை இடைவெளி விட்டுவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். பிறகு ஃபில்டரில் கையால் பம்பு அடித்து ஏர் எடுங்கள். வயரைப் போட்டு, நாசில் குழாய்களின் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திச் சுற்ற விடுங்கள். குமிழி நின்று டீசல் துடித்து வந்ததும் இறுக்குங்கள். காமன் ரெயிலில் இந்த நட்டுகளைத் தொடவே கூடாது. அங்கே அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல், தோலைத் துளைத்து உள்ளே போகும். எந்த டீசலிலும் கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள், அட்டையைப் பிடித்துப் பாருங்கள். தோலுக்குள் போய்விட்டால் வலி இல்லை என்று வீட்டில் உட்காராமல் உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஏர் ஃபில்டர் ஹோஸை மாட்டாமல் வைத்து, காற்று வாயை மூடும் அளவுக்குத் தட்டையான கனமான பலகை ஒன்றுடன் ஒருவரை நிறுத்துங்கள். டர்போ வழியாகவோ வேறெங்கிருந்தோ ஆயிலைக் குடித்து இன்ஜின் தானாக ஏற ஆரம்பித்தால் சாவி உதவாது. காற்றை அடைத்தால்தான் நிற்கும். வெறுங்கையால் மூட முயல வேண்டாம்.

ஓடியதும் பத்து விநாடிக்குள் ஆயில் பிரஷர் வர வேண்டும். வராவிட்டால் நிறுத்துங்கள். வெள்ளைப் புகை சிறிது நேரத்தில் தெளிந்தால் குளிர்தான் காரணம். சூடான பின்பும் நின்றால் பம்பு டைமிங்கையோ ஒரு நாசிலையோ பாருங்கள். கறுப்பு, டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. நீலம், ஆயில்.

முதல் ஓட்டம் பாரமில்லாமல், வீட்டுக்குப் பக்கத்தில். முதலில் பிரேக், பிறகு மற்றதெல்லாம். திரும்பி வந்ததும் மவுண்ட் போல்ட், பெல் ஹவுசிங் போல்ட், புகைக்குழாய் கிளாம்ப், ஷாஃப்ட் ஜாயின்ட் போல்ட் எல்லாவற்றையும் மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள். 500 கி.மீ.யில் இன்னொரு முறை. டேங்கில் ஒட்டியிருந்த அழுக்கை டீசல் கழுவிக் கொண்டுவரும் என்பதால் டீசல் ஃபில்டரையும் அப்போதே மாற்றிவிடுங்கள். பழையதை வெட்டித் திறந்து துருவும் தண்ணீரும் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். நிறைய இருந்தால் அடுத்த 500-இல் இன்னொன்று. ஆய்வுக்கு வண்டியைக் கொண்டுபோகும்போது இன்ஜின் வாங்கிய ரசீதும், இன்ஜின் எண் தெளிவாகத் தெரியும் போட்டோவும் கையில் இருக்கட்டும். மாட்டியபின் அந்த எண் பல வண்டிகளில் ஃபயர்வால் பக்கம் போய் ஒளிந்துகொள்ளும், ஆகவே போட்டோவை இன்ஜின் வெளியே இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.